வாக்குரிமை யாருக்கு? – டொனமூர்க் கால விவாதமும் தமிழர் அரசியற் சிந்தனையும்

ஒரு சமூகம் தன்னுள்ளே நடத்திய பெரும் விவாதங்களை வரலாற்று மாணவர் இருவகையாக நோக்கலாம். வென்றவர் யார், தோற்றவர் யார் எனக் கணக்கிடுவது ஒருவகை. ஒவ்வொரு தரப்பும் எவ்வெவ் வாதங்களை ஒன்றோடொன்று பிணைத்தது, அப்பிணைப்பினால் எவரை வெளியே நிறுத்தியது என ஆராய்வது மற்றொரு வகை. இலங்கையிற் சர்வசன வாக்குரிமை குறித்து 1927 ஆம் ஆண்டிலிருந்து 1931 ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த விவாதத்தை இரண்டாவது வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1910 ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தம் 'படித்த இலங்கையர்' என்னும் ஒரு தொகுதியைத் தோற்றுவித்தது. ஏறத்தாழ 3,000 வாக்காளரைக் கொண்ட அத்தொகுதியில், 1911 இல் நிகழ்ந்த தேர்தலில் வெற்றியீட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே அவரைத் தெரிவு செய்தனர். 1924 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பின்னரும் வாக்காளர் தொகை ஏறத்தாழ 2 இலட்சமாகவே இருந்தது. மக்களுள் நூற்றுக்கு 4 வீதத்தினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். வருமானம், சொத்து, எழுத்தறிவு என்பனவே அதற்கான தகுதிகள். பெண்கள் எவருக்கும் அவ்வுரிமை இருக்கவில்லை.

இந்நிலையிலேயே டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவொன்று 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. மத்தியு நேதன், ஜெப்ரி பட்லர், டிரமண்ட் ஷீல்ஸ் ஆகியோர் அதன் ஏனைய உறுப்பினர். இவர்களுள் ஷீல்ஸ் பிரித்தானியத் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். 1928 இல் வெளியான அறிக்கை இரு பெரும் மாற்றங்களை விதந்துரைத்தது. ஒன்று, 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை வழங்குதல். மற்றையது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை அறவே ஒழித்தல். பிரித்தானியாவிலேயே ஆணும் பெண்ணும் சமவயதில் வாக்களிக்கும் உரிமை 1928 ஆம் ஆண்டிற்றான் நிலைபெற்றது. பின்னர் இலங்கையிலும் பெண்களுக்கான வயதெல்லை 21 ஆகக் குறைக்கப்பட்டது.

இவ்விரு மாற்றங்களும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றன. ஆயினும் இவை எழுப்பும் வினாக்கள் வேறு. முதலாவது, மனிதனுக்கு மனிதன் சமமா என்னும் அறவியல் வினா. இரண்டாவது, தொகையிற் குறைந்த இனம் தொகையிற் கூடிய இனத்தோடு ஒரே ஆட்சியின் கீழ் எவ்வாறு பாதுகாப்பாக வாழலாம் என்னும் அரசியல் வினா. இவற்றைப் பிரித்தறியாமையே அக்கால விவாதத்தின் பெருங்குறை என்பது எமது கருத்தாகும்.

முதலில் தென்னிலங்கைத் தலைமையை நோக்குவோம். இன்று பலர் எண்ணுவதுபோல இலங்கைத் தேசிய காங்கிரஸ் சர்வசன வாக்குரிமையைக் கோரி நிற்கவில்லை. மாதம் 50 ரூபாவேனும் வருமானமுள்ளோருக்கே வாக்குரிமை வேண்டுமென்பது அதன் நிலைப்பாடு. எல்லோர்க்கும் வாக்குரிமை கோரியவர்களுள் முதன்மையானவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. பெண்களின் சார்பில், 1927 இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஆணைக்குழுவின் முன் தோன்றியது. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே என்ற கருத்துப்பட அச்சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா விடையளித்தார். விதிவிலக்கெதனையும் வேண்டாத அவ்விடை, அவ்விவாதத்தில் அரிதாக ஒலித்த குரலாகும்.

ஏனெனில், அறிக்கை வெளியானபின் தென்னிலங்கைத் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டனராயினும், தோட்டத் தொழிலாளரை அதிலிருந்து விலக்குவதில் உறுதியாக நின்றனர். ஐந்தாண்டு வதிவே போதுமென்றது ஆணைக்குழு. தேசாதிபதி சேர் ஹேர்பேட் ஸ்ரான்லி இந்நிபந்தனையை இறுக்கினார். நிலையான குடிமை, அல்லது எழுத்தறிவுடன் சொத்துத் தகுதி, அல்லது நிரந்தரமாகக் குடியேறியமைக்கான சான்றிதழ் என்பவற்றுள் ஒன்றைத் தொழிலாளர் காட்டவேண்டியதாயிற்று. 'எல்லோர்க்கும்' என்ற சொல்லுக்கு இங்கு ஒரு வேலி இடப்பட்டது.

இனித் தமிழர் தலைமையை நோக்குவோம். இராமநாதன் இம்முன்மொழிவுகளைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பில் இரு வாதங்கள் இணைந்திருந்தன. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தால் தமிழர் நிரந்தரச் சிறுபான்மையாகி வலுவிழப்பர் என்பது ஒன்று. வேளாளரல்லாதாருக்கும் வாக்களிப்பது பாமரர் ஆட்சிக்கு வழிவகுக்கும், இந்து சமூக ஒழுங்குக்கும் மாறானது என்பது மற்றொன்று. பெண்கள் வாக்குரிமையையும் அவர் ஏற்கவில்லை. பெண்கல்விக்காக 1913 இல் இராமநாதன் கல்லூரியை நிறுவிய பெருந்தகையே இவ்வாறு வாதிட்டார் என்பது, கல்வியளிக்கும் மனமும் அதிகாரத்தைப் பகிரும் மனமும் வேறுவேறானவை என்பதை உணர்த்துகின்றது.

இராமநாதனுடைய முதலாவது அச்சம் ஆதாரமற்றதன்று. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் அளிக்கப்படும் என 1918 இற் கொடுக்கப்பட்ட வாக்குறுதி 1921 இற் கைவிடப்பட்டமையும், காங்கிரஸின் முதற் தலைவரான சேர் பொன்னம்பலம் அருணாசலமே அதிலிருந்து விலகியமையும் அனைவரும் அறிந்தவை. பின்னர் 1936 இல் அமைந்த அமைச்சரவையில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. எண்ணிக்கை குறித்த எச்சரிக்கையை வரலாறு பெருமளவு மெய்ப்பித்தது எனலாம்.

ஆயின் ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. 1921 ஆம் ஆண்டின் வாக்குறுதி மீறல் நிகழ்ந்தது சர்வசன வாக்குரிமையின் கீழன்று; சொத்தும் கல்வியும் உடைய ஒருசிலர் மட்டும் வாக்களித்த காலத்திலேயே அது நிகழ்ந்தது. ஆகவே, குறுகிய வாக்குரிமை தமிழரைப் பாதுகாத்தது என்பதற்கு வரலாற்றிற் சான்றில்லை. சிறுபான்மையினருக்கு வேண்டியிருந்தது வாக்காளர் தொகையைக் குறைப்பதன்று. பெரும்பான்மையின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் அமைப்பேயாகும். நியாயமான அச்சமொன்று நியாயமற்ற வாதமொன்றின் தோளில் ஏற்றப்பட்டமையால், அச்சமும் தன் அறவலிமையை இழந்தது. தன் சமூகத்தினுள்ளேயே ஒரு பகுதியினரைத் தகுதியற்றோர் என்று கூறுபவர், பிற சமூகத்திடம் சமத்துவம் கோரும்போது அக்கோரிக்கை வலுவிழப்பது இயல்பே.

1929 டிசம்பர் 12 ஆம் திகதி சட்டநிரூபண சபையில் டொனமூர் முன்மொழிவுகள் 19 வாக்குகளுக்கு 17 என்ற கணக்கில் நிறைவேறின. சிறுபான்மையினப் பிரதிநிதிகளுட் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தனர். குடியேற்ற நாட்டமைச்சிடம் நேரில் வாதிடுவதற்காக இங்கிலாந்து சென்று திரும்பிய இராமநாதன் 1930 நவம்பரிற் காலமானார்.

இதேவேளை யாழ்ப்பாணத்தில் வேறொரு தமிழ்க்குரலும் எழுந்தது. 1924 இல் தோன்றி, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரால் வழிநடத்தப்பட்ட வாலிபர் காங்கிரஸ், சாதி வேற்றுமையை எதிர்த்தது. சமபந்தி போசனத்தை ஆதரித்தது. 1920 களின் இறுதியிற் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குவது குறித்துக் குடாநாட்டில் மூண்ட பிணக்கை நினைவிற் கொண்டால், இந்நிலைப்பாட்டின் துணிவு விளங்கும். டொனமூர்த் திட்டத்தை இவர்களும் எதிர்த்தனர். ஆனால் பாமரர்க்கு வாக்குரிமை கிடைத்தது என்பதற்காகவன்று. நாட்டுக்குப் பூரண சுயாட்சி கிடைக்கவில்லை என்பதற்காகவே. 1931 இல் இவர்கள் விடுத்த அழைப்பை ஏற்றுக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. தென்னிலங்கைத் தலைவர்கள் இவர்களைப் பின்பற்றாமையால் அவ்வாசனங்கள் 1934 வரை வெற்றிடமாகவே இருந்தன. கொள்கையில் உயர்ந்து நின்ற இவர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். முதன்முறை வாக்குரிமை பெற்ற குடாநாட்டின் ஏழை எளியோரும் பெண்களும் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பை மூன்றாண்டுகள் இழந்தனர்.

எழுத்தறியாதவர் எவ்வாறு வாக்களிப்பர் என்ற நடைமுறை வினாவும் அக்காலத்திற் பெரிதாக எழுப்பப்பட்டது. அதற்கான விடை மிக எளிதாகவே கிடைத்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, அந்நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டை இடும் முறை கைக்கொள்ளப்பட்டது. இயலாது எனக் கூறப்பட்டவை பலவும் உண்மையில் விருப்பமின்மையின் மறுபெயர்களே என்பதற்கு இது சிறந்த உதாரணம். 1931 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை 15 இலட்சத்தைத் தாண்டியது. அரசாங்க சபையிற் கல்வி அமைச்சரான சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக்கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைகளின் வாக்கை நாடவேண்டிய நிலை ஏற்பட்டிராவிடின் இத்தகைய மாற்றம் இவ்வளவு விரைவில் நிகழ்ந்திருக்கும் எனக் கூறுதல் அரிது.

எனினும் 1929 இல் இடப்பட்ட வேலி மறையவில்லை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. அவர்களுள் எஞ்சியிருந்த நாடற்றோரின் நிலை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெருமளவு தீர்க்கப்பட்டது. சர்வசன வாக்குரிமையில் ஆரம்பத்தில் ஏற்கப்பட்ட ஒரு விதிவிலக்கு, இரு தசாப்தங்களுட் பெரும் உரிமைப் பறிப்பாக வளர்ந்தமையை இங்கு காண்கின்றோம்.

முடிவாக நோக்குமிடத்து, டொனமூர்க் கால விவாதத்தில் ஏறக்குறைய எல்லாத் தரப்பினரும் சமத்துவத்தின் பெயராலேயே பேசினர். ஆயின் தமக்குக் கீழே ஒரு கோட்டையும் வரைந்தனர். சிங்களத் தலைமை அக்கோட்டைத் தோட்ட எல்லையில் வரைந்தது. தமிழ்த் தலைமை சாதி எல்லையில் வரைந்தது. ஒரு கோரிக்கையின் நேர்மையை, அது மேலே உள்ளோரிடம் எதைக் கேட்கின்றது என்பதைக் கொண்டு மாத்திரம் அளவிடலாகாது. கீழே உள்ளோருக்கு எதை மறுக்கின்றது என்பதைக் கொண்டும் அளவிடல் வேண்டும். உரிமைகள் பற்றிய எமது இன்றைய விவாதங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்துவதேயாகும்.