கிடங்கும் கிட்டங்கியும்

சிங்கப்பூரைக் காணச் செல்லும் தமிழர், ஆற்றுக்கு வடக்கேயுள்ள கன்னிங் கோட்டைக் குன்றையும், தெற்கேயுள்ள மார்க்கெட் தெருவையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். அவ்வளவு சிறிய தூரத்துக்குள், 'கிடங்கு' என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் சரித்திரத்தில் முதலும் முடிவுமான இரு கட்டங்களும் அமைந்திருப்பது ஆச்சரியமே.

'கிட' என்னும் அடியிலிருந்து தோன்றியதாகக் கொள்ளத்தக்க இச்சொல், சங்க காலத்தில் மதிலைச் சூழ்ந்த அகழியைக் குறித்தது. திண்டிவனத்தை அடுத்து, சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்கு உரியதாக இருந்த 'கிடங்கில்' என்னும் ஊர்ப்பெயரிலும் இச்சொல் நிலைத்திருக்கிறது. அகழியும் பள்ளமே, நெல்லை இட்டு மூடி வைக்கும் குழியும் பள்ளமே, ஆகையால் அரசனுடைய காவலுக்கு அமைந்த பெயர், நாளடைவில் குடியானவனும் வணிகனும் பண்டங்களைச் சேமிக்கும் இடத்துக்கும் உரியதாயிற்று என்று கருதுவது பொருந்தும்.

இந்தப் பிற்காலப் பொருளோடுதான் சொல் கடல் கடந்தது. தெலுங்கில் 'கிட்டங்கி' என்றும், மலாய் மொழியில் 'குடாங்', 'கெடோங்' என்றும் வழங்கும் சொற்கள் இதனோடு உறவுடையன என்பர் ஆராய்ச்சியாளர். துறைமுகந்தோறும் திரிந்த ஐரோப்பியர் அதனைத் தம் நாவுக்கு இசைய மாற்றிக்கொள்ள, ஆங்கிலத்தின் வழியாக அது 'குடோன்' என்னும் வேற்றுருவில் நம் கடைத்தெருவுக்கே திரும்பி வந்தது.

கன்னிங் குன்றுக்கு மலாய் மக்கள் வழங்கிய பெயர் 'புக்கித் லாராங்கான்', அதாவது விலக்கப்பட்ட குன்று என்பது. பண்டைய அரசர்கள் அங்கே உறைந்தனர் என்ற நம்பிக்கையால் சாமானியர் அதன்மேல் ஏற அஞ்சினர். பதினான்காம் நூற்றாண்டில் அங்கே ஒரு ராஜதானி விளங்கியதற்கு, 1928இல் மண்ணிலிருந்து கிடைத்த பொன்னாபரணங்கள் சாட்சி கூறுகின்றன. 1822இல் அவ்விடத்தைச் சுற்றிப் பார்த்த ஜான் கிராஃபர்டு, சிதைந்த மண்மதில் ஒன்றையும், அதன் அடியில் அகழிபோல் ஓடிய சிற்றாற்றையும் வருணித்திருக்கிறார். சங்கப் புலவர் கண்டிருந்தால் அந்நீரரணைக் 'கிடங்கு' என்றே கூறியிருப்பார்.

1819க்குப் பின் அத்தீவு தீர்வையற்ற துறைமுகமாகிச் சீனரும் பூகிசரும் அரபியரும் தமிழரும் வந்து குவிந்தபோது, ஆற்றங்கரை நெடுகப் பண்டசாலைகள் எழுந்தன. தமிழர் 'செட்டித் தெரு' என்று அழைத்த மார்க்கெட் தெருவில், நகரத்தார் நடத்திய லேவாதேவி ஸ்தாபனங்களுக்குக் கிட்டங்கி என்றே பெயர் வழங்கிற்று. நீண்ட கூடத்தின் இரு பக்கமும், ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது தனித்தனி நிறுவனத்துக்கும், ஒரு பெட்டியும் கணக்கெழுதச் சாய்வு மேசையும். தரையில் அமர்ந்து கடன் கொடுக்கும் மேலாள். அவருக்குத் துணையாக அடுத்தாளும் பெட்டியடிப் பையனும். அனைவருக்கும் பொதுவான சமையல். இரவில் அங்கேயே படுக்கை. பல இனத்து வியாபாரிகளும் அந்தப் படியேறிக் கடன் பெற்றனர். மூட்டைகளைக் குறித்த சொல், இங்கே முதலையும் வட்டியையும், ஊரில் குடும்பத்தை விட்டு வந்த மனிதரையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1970களின் இறுதியில் நகரச் சீரமைப்பின் பொருட்டு அக்கட்டடங்கள் அகற்றப்பட்டன.

அந்நியரை வெளியே நிறுத்துவதற்காக வெட்டிய அரணின் பெயர், அந்நியரை உள்ளே அழைத்து நாணயத்தை நம்பிப் பணம் கொடுத்த கூடத்தின் பெயராக வளர்ந்ததை, நம் மொழி அடைந்த பெரும் பேறுகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். குடோன் என்று எழுதும் பலகைகளில் கிடங்கு என்று எழுதுவது நமக்குச் சுலபம். அதனினும் அவசரமானது, கிட்டங்கி, மேலாள், அடுத்தாள், பெட்டியடி ஆகிய சொற்களை, அக்கூடங்களில் வாழ்ந்து பழகிய முதியோர் இருக்கும்போதே, அவற்றின் முழுப் பொருளோடு அகராதியில் ஏற்றிவிடுவது.