ஊவாப் பெருந்தோட்டங்களின் நிலைபேறு: மடுல்சீமை முதல் மீரியபெத்தை வரை

பெருந்தோட்ட முறைமை நெருக்கடிகளைத் தாண்டிய வரலாற்றை ஏற்றுமதிக் கணக்குகளைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. அவ்வாறு தாண்டுகையில் அது எவற்றைச் செலவிட்டது என்பதைப் பதுளை மாவட்டத்தை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டது 1869இல், மடுல்சீமையிலாகும். ஆயினும் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால், நோய் பரவிய ஆண்டுகளிலும் புதிய காடுகள் வெட்டப்பட்டன. குறைந்த விளைச்சலைப் பரப்பால் ஈடுசெய்ய முயன்றனர். 1880இல் ஆய்வுக்கென வந்த தாவரவியலாளர் மார்ஷல் வாட், மலைகள் தோறும் இடையீடின்றி ஒரே பயிர் நின்றமை நோய்க்கு வழிவகுத்தது எனக் காட்டினார். 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் தோட்டங்களை இழந்தனர். தொழிலாளர் பலர் கூலி நிலுவையை இழந்தனர். முன்னவரின் இழப்பே நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றது.

தேயிலை நாட்டைக் காத்தது என்பர். அது மெய்யே, எனினும் ஒரு தனிப்பயிரின் இடத்தை மற்றொரு தனிப்பயிரே நிரப்பியது. ஆடி, ஆவணி மாதங்களின் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு அளித்த மணம் உலகச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பைத் தேடித்தந்தது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதுமாயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் தோட்டத்திலேயே நிலையாகக் குடியிருத்தப்பட்டன. குடியிருந்த லயன் அறையோ தோட்டத்திற்குரியது. வேலையை விட்டால் வீடும் இல்லை. கடனால் தொழிலாளரைப் பிணித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் இப்பிணைப்பு அறுபடவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டமை அதனை மேலும் இறுக்கியது.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமையும் முகாமையும் மாறின. சரிவுகளில் நின்ற லயன்கள் பெரும்பாலும் அவ்வாறே நின்றன.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையை அறிந்தும் மக்கள் ஏன் அகலவில்லை என அப்போது வினவியோர் உளர். அகன்று செல்வதற்கு அவர்களுக்கெனத் துண்டு நிலமும் இருக்கவில்லை. தப்பியோருட் பலர், வீடுகள் கிடைக்கும்வரை, கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றிலேயே தங்கியிருந்தனர்.