எண்ணப்படாத பயணிகள்: ஃபீனிக்ஸ் பேயும் ஓர் உல்லாசப் படகும்

அந்தமான் வரலாற்றை எழுதும் நாம் பெரும்பாலும் செல்லுலார் சிறையோடு நின்றுவிடுகிறோம். அதே போர்ட் பிளேரிலுள்ள ஃபீனிக்ஸ் பே, தண்டனைக் குடியேற்றக் காலத்தில் கைதிகளின் உழைப்பால் பட்டறைகள் இயங்கிய இடம். இன்று தீவுகளுக்கிடையே ஓடும் அரசுக் கப்பல்களின் துறை. இங்குப் பெயரும் வயதும் எழுதிக் கொடுத்தே பயணச்சீட்டு பெற வேண்டும். கப்பலில் யார் யார் உள்ளனர் என்பது கரையில் ஒரு தாளில் இருக்கும். அந்தத் தாளைப் பற்றியதே இப்பதிவு.

2014 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. 'அக்வா மரைன்' என்னும் தனியார் படகு ராஸ் தீவிலிருந்து நார்த் பேக்குச் செல்லும் வழியில் கவிழ்ந்தது. (பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறக் காட்சியில் உள்ள கரைதான் நார்த் பே.) அனுமதி 25 பேருக்கு, ஏறியிருந்தோர் ஏறத்தாழ 45 பேர். இறந்தோர் இருபதுக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சென்ற சுற்றுலாக் குழுவினர். போதிய உயிர்காப்பு மேலுடைகள் இல்லை என்பது உயிர் தப்பியோர் கூற்று. படகில் எத்தனை பேர் இருந்தனர் என்பதிலேயே முதற்செய்திகள் முரண்பட்டன. எவரைத் தேடுவது என்று தெரியாமல் தேடுவது எத்தகைய தேடல்!

இது தனித்த நிகழ்வன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு என்பதால், தனியார் பேராசையே காரணம் என்னும் எளிய விளக்கம் இங்குச் செல்லாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 22 பேர் இறந்தனர். மூன்றும் விடுமுறைக்காலப் பயணங்கள்.

உல்லாசப் படகுக்கென்று ஓர் இடர் உண்டு. கடந்து செல்லும் பயணி தன் இடத்தில் அமர்ந்திருப்பான். காட்சி காண வந்தவன் எழுவான், ஒரு பக்கம் சாய்வான், மேல்தளத்துக்கு ஏறுவான். எடை மேலேறும்போது படகு நிமிரும் ஆற்றலை இழக்கிறது. எல்லாரும் ஒருபுறம் நகர்ந்தால் மிச்சமிருப்பதும் போய்விடுகிறது. ஆகவே அனுமதி எண் என்பது இருக்கைகளின் கூட்டுத்தொகையன்று, நிலைப்பின் கணக்கு.

சட்டத்துக்கு இது புதிதன்று. சாமுவேல் பிளிம்சால் போராடியதன் விளைவாக 1876இல் பிரிட்டிஷ் சட்டம் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு வரையச் செய்தது. இந்தியாவில் 1917ஆம் ஆண்டின் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம், ஆய்வுச் சான்றிதழில் பயணிகளின் எண்ணிக்கையைக் குறிக்கச் சொன்னது. அச்சட்டம் நூறாண்டுக்கு மேல் நீடித்து, 2021இல்தான் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்கு வழிவிட்டது. எனவே குறை விதியில் இருந்ததாக நான் கருதவில்லை. போக்குவரத்தைக் கண்காணிக்கப் பழகிய நிர்வாகம் பொழுதுபோக்கைப் போக்குவரத்தாகப் பார்க்கவில்லை; நாள்கணக்கில் செல்லும் கப்பலுக்குப் பெயர்ப்பட்டியல், அரைமணி நேர உலாவுக்கு வெறும் ரசீது.

புதிய சட்டம் வந்த பின்னரும், 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத் தானூரில், இருட்டிய பிறகு புறப்பட்ட சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அங்கும் அனுமதியை மீறியே ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர்.