கார்த்திகையின் கணவன்

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல் என்றால் இன்று பட்டாசும் தீப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தில் அந்த ஊர் தங்கால். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அங்கே நடக்கிறது. வார்த்திகன் என்ற பார்ப்பனனின் மகனுக்குப் பராசரன் அணிகலன்களைப் பரிசளித்துவிட்டுப் போகிறான். பொறாமைப்பட்ட அரசு ஊழியர்கள், புதையலை அமுக்கிவிட்டான் என்று தகப்பனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிடுகிறார்கள். மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்கமாட்டேன் என்கிறது. காரணம் விசாரித்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் கொடுக்கிறான்.

இந்தக் கதை எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். இதேபோல நகைத்திருட்டுப் பழி சுமந்த கோவலன் வெட்டுப்பட்டு, மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது. பாண்டியர் குலம் முறை தவறாதது என்பதற்கு ஒரு நற்சான்றிதழ், அவ்வளவுதான். (வார்த்திகன் பார்ப்பனன் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) ஒரு மனிதனுக்குச் சேரவேண்டிய நீதி அரசனின் தானமாக மாறிவிடுகிறது.

ஓய்வுபெறும் நீதிபதிக்கு நடக்கும் பிரிவுபசார விழாவையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். 2013 மார்ச் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற கே. சந்துரு அந்த விழாவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். பத்திரிகைகள் எளிமை, எளிமை என்று எழுதின. அந்தப் புகழ்ச்சியும் பாண்டியன் கதைதான்: ஒரு நல்லவரைக் காட்டி நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. பெண் பூசாரியாக இருக்கலாம் என்று உசிலம்பட்டிப் பக்கத்துத் துர்க்கையம்மன் கோயில் வழக்கில் 2008ல் அவர் தீர்ப்பளித்தார். அது அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி உரியது. யாரும் போட்ட பிச்சையல்ல. விழாவை மறுத்தவருக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

நமக்குத்தான் தெரியவில்லை. 1993ல் கம்மாபுரம் போலீசார் நகைத்திருட்டு என்று பிடித்துப்போன குறவர் ஒருவர் காவலில் இறந்தார், தப்பியோடிவிட்டான் என்றார்கள். அவருடைய மனைவி கம்யூனிஸ்டுகளின் துணையோடு படியேறி, ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்காடியவர் அன்று வக்கீலாக இருந்த சந்துரு. 2021ல் ‘ஜெய்பீம்’ வந்தபோது நாம் அதிகம் கொண்டாடியது வக்கீலைத்தான்.

பாண்டியன் மண்ணில் விழுந்து வணங்கும் இடத்தில் இளங்கோ வார்த்திகனைக் கார்த்திகையின் கணவன் என்றே குறிப்பிடுகிறார். ஊர் இரண்டும் அவனுக்குப் போயின. அழுதவளுக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சே அங்கு இல்லை.