வாடகையால் வாழும் பழைய வீடுகள்: பழவேற்காட்டை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

மலேசியாவில் தொழுகைக்குச் செல்லும் ஆண்கள் உடுத்தும் கைலிக்கு ‘கைன் பெலிகாட்’ என்று பெயர். அந்தப் பெலிகாட் வேறெதுவுமன்று. பொன்னேரிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த நம் பழவேற்காடுதான். ஒரு காலத்தில் இத்துறையிலிருந்து கப்பலேறிய துணி, ஊரின் பெயரையும் தன்னோடு சுமந்து சென்றது. பெயர் கடல் கடந்து நிலைத்துவிட்டது. அந்த வணிகத்தால் செழித்த ஊரின் பழைய வீடுகள் நிலைக்குமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் நிர்வாகம் இங்கிருந்தே நடந்தது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. டச்சுக்காரர் வருவதற்கு முன்பே இங்கே முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்தனர். தங்கள் முன்னோர் மதீனாவிலிருந்து மரக்கலங்களில் வந்தவர்கள் என்பது இவ்வூர் முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் மரபும் இங்கே வேரூன்றியிருந்தது.

இன்று கோட்டை புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஆனால் திண்ணையும் முற்றமும் உள்கட்டும் கொண்ட பழைய குடியிருப்புகளைக் காக்கும் பொறுப்பு உரிமையாளர்களையே சார்ந்திருக்கிறது.

பழைய வீடுகள் ஏன் விழுகின்றன? வறுமை மட்டும் காரணமன்று. ஒருவரின் வீடு அவர் மறைவுக்குப் பின் மனைவி மக்களுக்கும், அடுத்த தலைமுறையில் இருபது, முப்பது பேருக்கும் உரியதாகிறது. ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், ஒருவர் சிங்கப்பூரில். எல்லாருக்கும் பங்கு உண்டு. ஓடு மாற்ற எவரும் முன்வருவதில்லை. முடிவில் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பழம்பொருள் வியாபாரியிடம் போகின்றன. மனை மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு மார்க்கத்தின் வாரிசுரிமைச் சட்டத்தைக் குறைகூற இயலாது. அது உரிமையைப் பங்கிட்டதேயன்றிச் சுவரை இடிக்கச் சொல்லவில்லை. வீட்டைப் பிரிக்காமல் அதன் வாடகையைப் பங்கிடலாம். உதாரணமாக, மாத வாடகை 20,000 ரூபாய் என்க. பராமரிப்புக்கு 4,000 ஒதுக்கினால் எஞ்சுவது 16,000. மனைவிக்கு எட்டில் ஒன்று, 2,000. மீதி 14,000-இல் இரு மகன்களுக்குத் தலா 4,000. மூன்று மகள்களுக்குத் தலா 2,000. ஒருவர் உரிமையும் குறையவில்லை, வீடும் நிற்கிறது.

இவ்வழி நமக்குப் புதிதன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனை அறம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடித்தளம் அதுவே. துருக்கியின் பூர்ஸா நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1491-இல் கட்டிய கோஸா ஹான் என்னும் வணிக வளாகத்தின் வருவாய், இஸ்தான்புல்லில் அவர் எழுப்பிய பள்ளிவாசல் அறப்பணிகளுக்கு உரியதாக்கப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் அங்கே பட்டு வணிகம் நடக்கிறது. கட்டடமும் உறுதியாக நிற்கிறது.

நம் நாட்டிலும் குடும்ப வக்ஃபு வழக்கிலிருந்தது. 1894-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பால் அது தடைப்பட்டபோது, முஸ்லிம்கள் முயன்று 1913-இல் சட்டத்தின் வாயிலாக அதை மீட்டனர். பெண் வாரிசுகளின் பங்கை மறைக்க எந்த வக்ஃபும் கருவியாகக் கூடாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் நாம் பார்த்துக் கற்கத்தக்க ஊர் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த அவ்வூரில், கடலை நோக்கிய பழைய பங்களா ஒன்று செப்பனிடப்பட்டு நீம்ரானா நிறுவனத்தின் விடுதியாயிற்று. தட்டார் தெருவில் ஓடுவேய்ந்த தமிழ் வீடுகளை, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இன்டாக் அமைப்பினர் பழைய முறைப்படியே மீட்டெடுத்தனர். இங்கிலாந்தில் 1965-இல் தோன்றிய லேண்ட்மார்க் அறக்கட்டளையோ, பழுதுற்ற பழைய கட்டடங்களைப் புதுப்பித்து விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடுவதையே தன் வழியாகக் கொண்டிருக்கிறது.

பழவேற்காட்டுக்குப் பறவை காண வருவோர் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் பணிக்கு வருவோர் பொன்னேரி வட்டாரத்தில் வீடு தேடுகின்றனர். எனவே வாடகைக்கு ஆளில்லை என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

செய்ய முனைவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசலாகாது. உப்புக் காற்று வீசும் கரையில் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழி வேண்டும். சிமெண்டு அதை அடைத்துவிடும், உள்ளே உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பே அச்சுவருக்கு ஏற்றது. இரண்டாவது, வாரிசுகள் அனைவரும் ஒப்பிய எழுத்து வேண்டும். வாடகைக்கு வருபவரோடும் எழுத்து வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டமும் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. மது போன்ற விலக்கப்பட்டவற்றுக்கு இடமில்லை என்ற நிபந்தனையை அதிலேயே சேர்த்துவிடலாம்.

பாகப்பிரிவினைக்காகக் குடும்பங்கள் கூடும்போது, விற்பனைக்கு முன் வாடகையைப் பற்றியும் ஒருமுறை பேசுங்கள். ஜமாஅத்தின் பெரியவர்களும் அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கட்டும். நம் முன்னோர் விட்டுச்சென்றதைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.