விக்டோரியா காலத்துப் புரட்சியாளரின் இல்லறம்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன போர்களும் உடன்படிக்கைகளும் அரசர்களின் ஆட்சி ஆண்டுகளுமே ஆகும். ஆயினும், ஒரு காலத்து மக்கள் எவ்வாறு மணம் புரிந்தனர், எவ்வாறு இல்லம் நடத்தினர் என்பதும் வரலாறேயாகும். அதிலும், சமூகத்தை மாற்றியமைக்க முற்பட்டவர்கள் தம் சொந்த இல்லத்தில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று ஆராய்ந்தால், அவர்களுடைய கொள்கையின் உரம் நமக்கு நன்கு விளங்கும். 1837 முதல் 1901 வரை விக்டோரியா அரசியார் ஆண்ட இங்கிலாந்தில் வாழ்ந்த அத்தகைய சிலரைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

அவர்கள் வழக்கமான திருமண முறையை ஏன் எதிர்த்தனர்? இதற்கு விடை காண அன்றைய ஆங்கிலச் சட்டத்தை முதலில் அறிதல் வேண்டும். சட்டத்தின் கண்ணில் கணவனும் மனைவியும் ஒருவரே; அந்த ஒருவர் கணவரே! மணமான பெண் ஈட்டிய கூலியும் அவள் கொண்டுவந்த பணமும் கணவனைச் சேர்ந்தன. 1857-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி நெறி தவறினாள் என்று மெய்ப்பித்தால் கணவன் மணவிலக்குப் பெறலாம். மனைவிக்கோ அது மட்டும் போதாது. கணவனுடைய கொடுமை, கைவிடல் போன்ற வேறொரு குற்றத்தையும் அவள் மெய்ப்பித்தாக வேண்டும். குழந்தைகளின் மீதும் தந்தைக்கே முதல் உரிமை இருந்தது. பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் மறைந்த அன்னி பெசண்ட் அம்மையாரை நாம் அறிவோம். 1873-இல் கணவரைப் பிரிந்த அவரிடமிருந்து, அவருடைய கருத்துக்களையே காரணமாகக் காட்டி, 1878-இல் இலண்டன் நீதிமன்றம் அவருடைய மகளைப் பிரித்துவிட்டது.

இச்சட்டத்தை எதிர்த்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். 1830-ஆம் ஆண்டளவில் ஹாரியட் டெய்லர் என்னும் அம்மையாரை அவர் சந்தித்தார். ஹாரியட் அப்போது மருந்து வணிகர் ஒருவரின் மனைவி. மில்லுக்கும் அவருக்கும் இடையே வளர்ந்த நட்பு அறிவின் நட்பு, அன்பின் நட்பு. கணவர் ஜான் டெய்லர் அதனைப் பொறுத்துக்கொண்டார். ஹாரியட் பெரும்பாலும் தனி இல்லத்தில் வாழ்ந்தார்; மில் அங்குச் சென்று வந்தார். ஊரார் தூற்றினர். நண்பர்களே புறம் பேசினர். இருவரும் சமூகத்தினின்று ஒதுங்கி வாழ நேர்ந்தது. எனினும், ஜான் டெய்லர் கொடிய நோயுற்றபோது ஹாரியட் அவர் அருகிலிருந்து பணிவிடை புரிந்தார். 1849-இல் டெய்லர் காலமானார்.

1851-இல் மில்லும் ஹாரியட்டும் மணம் செய்துகொள்ளத் துணிந்தனர். அதற்கு முன், மார்ச் 6-ஆம் நாள், மில் ஓர் அறிக்கையை எழுதிக் கையொப்பமிட்டார். மனைவியின் உடல், பொருள், செயல் ஆகிய மூன்றன்மீதும் சட்டம் தமக்கு அளிக்கும் அதிகாரம் நேர்மையற்றது என்று அதில் கூறினார். அவ்வதிகாரத்தைச் சட்டப்படித் துறக்க வழியில்லாமையால், அதனை என்றும் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறினார். மணமே நடவாதது போல, ஹாரியட் தம் வாழ்விலும் உடைமையிலும் முழு உரிமையுடன் விளங்குவார் என்றும் எழுதினார். இவ்வறிக்கையைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது. மணநாள் நெருங்கும் வேளையில் ஆடவர் பெறுவதையே எண்ணுவர். மில்லோ தாம் விட்டுவிட வேண்டியதை எண்ணினார்.

அதே ஆண்டில் பெண்களின் வாக்குரிமையை வற்புறுத்தி ஹாரியட் எழுதிய கட்டுரை 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' இதழில் வெளிவந்தது. ஏழே ஆண்டுகளில், 1858-இல், பிரான்சு நாட்டின் அவினியோன் நகரில் ஹாரியட் உயிர் நீத்தார். மில் அக்கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீடு வாங்கினார். அடுத்த ஆண்டு வெளியான 'சுதந்திரம்' பற்றிய நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். பின்னர்ப் பாராளுமன்ற உறுப்பினராகி, 1867-இல் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அத்திருத்தம் தோற்றது, ஆனால் 73 உறுப்பினர்கள் அதனை ஆதரித்தனர்.

வேறு வகையான ஓர் இல்லறத்தை மான்செஸ்டர் நகரில் காண்கிறோம். செல்வரான ஆலை முதலாளியின் மகன் பிரெடரிக் எங்கெல்ஸ், அயர்லாந்து மரபினரான மேரி பர்ன்ஸ் என்னும் தொழிலாளர் குலப் பெண்ணைத் துணைவியாகக் கொண்டார். மணச் சடங்கு எதுவும் நடைபெறவில்லை. 1863-இல் மேரி மறைந்தபோது, உயிர்த்தோழர் கார்ல் மார்க்ஸ் ஒரு வரியில் துக்கம் தெரிவித்துவிட்டுத் தம் பணமுடையைப் பற்றியே விரித்தெழுதினார். எங்கெல்ஸ் மனம் புண்பட்டார். மார்க்ஸ் பிறகு வருத்தம் தெரிவித்தார். புரட்சியாளரிடையேயும் மணமாகாத துணைவிக்கு உரிய மதிப்பு எளிதில் கிட்டவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பின்னர் மேரியின் தங்கை லிஸ்ஸி அவருக்குத் துணைவியானார். 1878-இல் லிஸ்ஸி மரணப் படுக்கையில் இருந்தபோது, அவருடைய விருப்பத்தை மதித்து எங்கெல்ஸ் அவரை முறைப்படி மணந்தார். மறுநாள் லிஸ்ஸி உயிர் நீத்தார். கொள்கையினும் துணைவியின் மன அமைதி பெரிதென்று அவர் கருதினார்.

கட்டுப்பாட்டை மீறிய பெண்களுக்கு நேர்ந்த துன்பமோ ஆடவர் பட்டதினும் பன்மடங்கு. பெண்களின் சொத்துரிமைக்காக ஓயாது உழைத்த எலிசபெத் உல்ஸ்டன்ஹோம், பென் எல்மி என்பவருடன் சடங்கின்றி வாழ்ந்தார். அவர் கருவுற்றபோது, இயக்கத்துக்கு இழுக்கு நேருமென்று அஞ்சிய சக ஊழியர்களே வற்புறுத்தி, 1874-இல் மணம் செய்துகொள்ளச் செய்தனர். 1895-இல் ஈடித் லான்செஸ்டர் என்னும் சமதர்மவாதி, தொழிலாளியான ஜேம்ஸ் சல்லிவனுடன் மணமின்றி வாழப்போவதாக அறிவித்தார். தந்தையும் உடன்பிறந்தாரும் அவரைக் கட்டி இழுத்துச் சென்று மனநோயாளர் விடுதியில் சேர்த்தனர். சான்றிதழில் மருத்துவர் குறித்த காரணம் என்ன தெரியுமா? அளவுக்கு மீறிய கல்வி! நண்பர்கள் கிளர்ச்சி செய்தனர். நான்கு நாட்களில் ஈடித் விடுதலை பெற்றார். பின்னர் இருவரும் நெடுங்காலம் கூடி வாழ்ந்தனர்.

எல்லா இல்லறமும் அவ்வாறு இனிது அமையவில்லை. மார்க்சின் இளைய மகள் எலியனோர், 1884-இல் எட்வர்டு ஏவ்லிங் என்பவருடன் வாழத் தொடங்கினார். ஏவ்லிங்குக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. மனைவியைப் பிரிந்து வாழ்ந்தார். எலியனோர் எதையும் மறைக்கவில்லை. தம் முடிவைத் தோழிகளுக்கு வெளிப்படையாக எழுதினார். 1886-இல் பெண்களின் நிலை குறித்து இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினர். 1889-இல் எரிவாயுத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது எலியனோர் அதற்காக அரும்பாடு பட்டார். அதன் தலைவர் வில் தோர்னின் எழுத்துப் பயிற்சிக்கும் துணை நின்றார். 1892-இல் ஏவ்லிங்கின் மனைவி இறந்தார். அதன் பின்னும் அவர் எலியனோரை மணக்கவில்லை. மாறாக, 1897-இல் வேறொரு பெயரில், வேறொரு பெண்ணை இரகசியமாக மணந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் நோயுற்றபோதும் பணிவிடை செய்தவர் எலியனோரே. 1898 மார்ச் 31-ஆம் நாள், 43-ஆம் வயதில், எலியனோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பெண்ணுரிமைக்கு வாதாடிய அந்தப் பேனா, உடன் வாழ்ந்த பெண்ணுக்கு நேர்மை காட்டத் தவறிவிட்டது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாறுகளிலிருந்து நாம் அறிவதென்ன? சடங்கு மட்டுமே அடிமைத்தனமும் அன்று. சடங்கை மறுப்பது மட்டுமே விடுதலையும் அன்று. மில் சட்டப்படி மணந்தும் துணைவியைச் சமமாக நடத்தினார். ஏவ்லிங் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்தும் துணைவியை வஞ்சித்தார். இரு நிலையிலும் பெண்ணின் நல்வாழ்வு ஆடவன் ஒருவனின் குணத்தையே நம்பியிருந்தது. அந்நிலை மாறவேண்டும் என்பதே இவர்கள் போராட்டத்தின் உட்பொருள் என்பது என் கருத்து. 1870-இல் மனைவியின் கூலி அவளுக்கே உரியதாயிற்று. 1882-இல் அவளுடைய சொத்தும் அவளுக்கே உரியதாயிற்று. 1918-இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலருக்கும், 1928-இல் ஆடவருக்கு நிகராக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. நல்லவர் ஒருவர் மனமுவந்து எழுதித் தந்த உறுதிமொழியை, எல்லாரும் கேட்டுப் பெறத்தக்க உரிமையாக ஆக்குவதே சட்டத்தின் பணி. அப்பணிக்கு வழி திறந்தவர்களுள், பழி சுமந்து வாழ்ந்த இந்தச் சிலருக்கும் இடமுண்டு.