சிக் என்பதா, இல் என்பதா?



எங்களிடம் ஓ.எல். வரை படித்த தம்பி ஒருவர் டெங்கு வந்து ஆறு நாள் வார்ட்டில் கிடந்தார். இங்கிலாந்துக் கல்லூரி ஒன்றின் ஒன்லைன் பரீட்சை தவறிவிட்டது. "ஐ வோஸ் ரியலி சிக்" என்று எழுதி அனுப்பினார். ஒரு நாள் சத்தி எடுத்ததற்கெல்லாம் மறுபரீட்சை இல்லை என்று பதில் வந்தது. அந்த வசனத்தை அவருக்குப் படிப்பித்ததே நாங்கள்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 'சிக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஒல்லாந்தரின் 'ஸீக்' அதற்கு உறவு. எங்களுக்குக் 'கந்தோர்' தந்தவர்களும் அவர்கள்தானே. 'இல்' வந்த சொல். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்த வைக்கிங்குகள் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். 1016இல் அவர்களது கனூட் இங்கிலாந்துக்கே அரசனானார். அவர்களுடைய மொழியில் 'இல்ர்' என்றால் கெட்டது. 'இல் வில்', 'இல் லக்' என்பவற்றில் அந்தக் கருத்து இன்னும் இருக்கிறது. நோய் என்ற கருத்து 15ஆம் நூற்றாண்டளவில்தான் அதில் ஏறியது. எங்கள் 'வருத்தம்' மாதிரித்தான். தமிழ்நாட்டில் அது கவலை, எங்களுக்குக் காய்ச்சலும் வருத்தம்தான்.

காலப்போக்கில் பிரித்தானியாவில் 'சிக்' சத்தியோடு ஒட்டிக்கொண்டது. அதனால் அங்கே பாரதூரமான நோயைச் சொல்ல 'சீரியஸ்லி இல்' என்று எழுதுவார்கள். அமெரிக்கர் பழையபடி 'சிக்' என்றே சொல்கிறார்கள், அது பிழையுமல்ல. 'சிக் லீவ்', 'சிக் சைல்ட்' என்று பெயருக்கு முன்னால் வரும்போது பிரித்தானியரும் 'சிக்'தான் போடுவார்கள்.

'ரியலி' வேறு சங்கதி. உம்மாவிடம் "உண்மையாகவே வருத்தம்" என்றால் நம்புவார். கடிதத்தில் அது, யாரோ சந்தேகப்பட்டதற்குச் சத்தியம் பண்ணுவதுபோல் இருக்கும். 'சீரியஸ்லி' நோயின் கடுமையைச் சொல்கிறது.

தம்பியை இருத்தி, "ஐ வோஸ் சீரியஸ்லி இல் வித் டெங்கு ஃபீவர்" என்று எழுதவைத்தோம். எத்தனை நாள் வார்ட்டில் இருந்தார் என்பதையும் சேர்த்து, மெடிக்கலையும் இணைத்து அனுப்பினோம். மறுபரீட்சைக்குத் திகதி வந்திருக்கிறது.